டகோட்டா இறக்கையில் தை மாதம்

எங்கள் குடும்பத்துக்கு அழுக்கு ஆகாது. யாருக்குத்தான் ஆகும் என்பீர்கள். ஆனால் நாங்கள் தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள். எங்களுக்கு அழுக்கு என்பது சுகாதாரப் பிரச்சினை இல்லை, தொழில் விரோதம். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அண்ணன் செய்கிற முதல் காரியம் சாமி படத்துக்கு விளக்கேற்றுவது அல்ல. வாசலில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் குடங்களை ஒரு சுற்றுத் துடைப்பது. விளக்கு அதற்குப் பிறகுதான். "குடத்துல அவங்க மூஞ்சி அழகாத் தெரியணும்லே. மூஞ்சி பிடிச்சா குடம் பிடிக்கும்" என்பது அவருடைய வியாபார சூத்திரம். தென்காசிப் பக்கத்திலிருந்து அப்பா கொண்டுவந்த சூத்திரம். அப்பாவுக்குப் பிறகு கடையும் சூத்திரமும் அண்ணனுக்கு வந்தன. எனக்குக் கணக்குப் பார்க்கும் மேஜை வந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, புத்தம்புதிதாக ஒரு பொருளைச் செய்து, அது நன்றாக வந்தபிறகு மெனக்கெட்டு அதன்மேல் எண்ணெய்க்கறையும் புகைக்கறையும் சேறும் பூசுகிற ஒரு பொழுதுபோக்கை நான் பிடித்துக்கொண்டேன் என்றால், அதற்கு ஜாதகத்தில்தான் காரணம் தேட வேண்டும்.

பிளாஸ்டிக் விமான மாதிரிகள். பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். அதிலும் எனக்குப் பழைய கிட்டுகள்தான் வேண்டும். அச்சு தேய்ந்து, தயாரிப்பு நின்றுபோய், பெட்டி ஓரங்கள் பிய்ந்து, யாருடைய பரணிலோ தூங்கியவை. அவற்றில் ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு பொருந்தாது. இறக்கையில் ரிவெட்டுகள் வியர்க்குரு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் சரிசெய்த பிறகு, அந்த விமானம் நிஜமாகவே பல வருடம் பறந்து, வெயிலில் நின்று, எண்ணெய் ஒழுகியது போல ஆக்குவதுதான் உச்சகட்டக் கலை. நாங்கள் அதை வெதரிங் என்போம். அண்ணன் மனைவி, அதாவது மதினி, "நல்லாயிருந்ததை நாசம் பண்றது" என்பார்.

இன்னொரு வியாதியும் எனக்கு உண்டு. தேதி. ஒவ்வொரு விமானத்தின் வயிற்றிலும், ஆரம்பித்த நாள், முடித்த நாள், முடித்த நாளில் தி.நகரில் மழையா வெயிலா என்பதுவரை பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிவைப்பேன். நூறு வருடம் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து என்னைத் தேடுவார் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன். (இந்தக் கட்டுரையிலும் எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, "கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றாள். எடுத்துவிட்டேன். சில மாதங்களின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒன்றை எடுக்கவே முடியாது. ஏன் என்று கடைசியில் தெரியும்.)

அடையாறில் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில் எங்களைப் போல நாலைந்து கிறுக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். வீட்டுக்காரர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் 'சார்'. சார் எதையும் செய்ய மாட்டார். கைநடுக்கம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்த ஏரியல் அங்க வராது, பின்னாடி தள்ளு" என்று எங்கள் தவறுகளை மட்டும் சுட்டிக்காட்டுவார். முப்பது வருடம் வடநாட்டில் இருந்ததால் பேச்சு மிலிட்டரித்தனமாக வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். ஆனால் கோபமோ குஷியோ வந்துவிட்டால் பிறந்து வளர்ந்த ராயப்பேட்டைக்கு நேராகப் போய் இறங்கிவிடுவார்.

அவருடைய மகள் ஆதிரை. பல் டாக்டர். காலை கிளினிக்கை முடித்துவிட்டு வரும்போது எங்கள் பின்னால் வந்து நின்று, இடுக்குகளில் நாங்கள் அப்பியிருக்கும் பட்டியைப் பார்த்து, "இந்த மாதிரி ஃபில்லிங் போட்டா பேஷன்ட் என்னை அடிப்பான்" என்பாள். மழுங்கிப்போய் ஓய்வுபெற்ற பல் கொக்கிகளை எனக்கு மட்டும் கொண்டுவந்து தருவாள். (எல்லோருக்கும் தந்தாள் என்று இன்றுவரை சொல்கிறாள். மற்றவர்களை விசாரித்துவிட்டேன். தரவில்லை.) அந்தக் கொக்கிகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டதில்தான் முதன்முதலாக என்னிடம் குடும்ப ரத்தம் ஓடுவது தெரிந்தது.

ஒரு ஞாயிறு அவள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டகோட்டா. இரண்டு எஞ்சின் சரக்கு விமானம். சார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பராமரித்த விமானம். வடக்கே எங்கோ ஒரு கடையில் இந்தக் கிட்டைப் பார்த்து வாங்கியவர், 'ரிட்டயர் ஆனதும் செய்யலாம்' என்று வைத்துவிட்டார். ரிட்டயர்மென்ட் வந்தது. நடுக்கமும் கூடவே வந்தது.

"அப்பாவால இனிமே ஒட்ட முடியாது. நீங்க செஞ்சு குடுங்க" என்றாள். "எப்படி வேணா செய்ங்க. ஒண்ணே ஒண்ணு. இடது எஞ்சினுக்குக் கீழ அந்த எண்ணெய்க்கறை வரணும்."

அந்தக் கறையின் சரித்திரம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சாரின் விமானத்தில் இடது எஞ்சின் ஒழுகும். ஆயில் சீல் மாற்றினாலும் ஒழுகும், எஞ்சினையே மாற்றினாலும் ஒழுகும். "என் கல்யாணத்துக்கு லீவுல கிளம்பறேன், அன்னிக்கும் டாட்டா காட்டற மாதிரி ஒழுகுது" என்பார். திட்டுவது போலத்தான் சொல்வார். ஆனால் மனைவியைப் பற்றி அந்தக் காலத்து ஆட்கள் திட்டுவது போலச் சொல்வார்களே, அந்தக் குரலில்.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். டகோட்டாவைக் கறை உட்படச் செய்து முடிப்பது. கொண்டுபோய்ச் சாரின் கையில் கொடுப்பது. அவர் முகம் மலரும் அந்த நேரத்தில், போர்ட்டிகோ ஓரமாக ஆதிரையைக் கூப்பிட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்பது. இதைவிட நல்ல திட்டம் எனக்கு அதற்கு முன்னும் தோன்றியதில்லை, பின்னும் தோன்றியதில்லை. ஆதிரைக்கு இது எதுவும் தெரியாது.

மதினிக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்த நடையைப் பார்த்து மதினி, "வயித்துக்குச் சரியில்லையா தம்பி?" என்று கேட்டு ஓமத்தண்ணீர் கொண்டுவந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அவகிட்டயே இன்னும் கேக்கல மதினி. இந்த ஃப்ளைட்டைக் குடுத்துட்டுத்தான் கேக்கணும். யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்லுதேன்?" என்றார்.

(மதினி வாக்குத் தவறாதவர். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும் சொன்னார். கட்டிய புருஷனை 'யாரிடமும்' என்பதில் சேர்க்க முடியாதுதானே. அதையும் முழுதாகச் சொல்லவில்லை. "தம்பிக்கு அடையாறுல ஆதிரைன்னு பொண்ணு அமைஞ்சிருக்கு. பொண்ணோட அப்பாவுக்கு ஏதோ பரிசு குடுக்கப் போறான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். 'இன்னும் கேட்கவில்லை' என்ற பகுதி அவருக்கு முக்கியமாகப் படவில்லை. 'எங்க தம்பியை யார் வேணாம்னு சொல்லுவா?' என்று பிறகு விளக்கம் தந்தார்.)

என் பட்டறை கடையின் மேல்மாடி கோடவுனில் இருந்தது. இட்லிப்பானைக்கும் குக்கர் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு விளக்கு. அங்கே டகோட்டாவை ஒட்டினேன். பெயின்ட் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்து, ரேகை விழுந்து, மறுபடி அடித்து, மறுபடி தொட்டேன். (பொறுமை வேண்டிய பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு.) உடம்பெல்லாம் வெள்ளி நிறம், அசல் டகோட்டா அலுமினிய உடம்போடுதான் பறந்தது. வெள்ளி நன்றாக விழுந்தது. பிறகு அதை அழுக்காக்கும் திருப்பணி. எஞ்சினுக்குப் பின்னால் கரித்தூளை அரைத்துத் தூவிப் புகை. சக்கரத்துக்கு மேலே சேறு. கடைசியில் இடது எஞ்சினுக்குக் கீழே, பழுப்பும் கறுப்பும் கலந்த ஆயில் பெயின்ட்டை ஊசிமுனை அளவு வைத்து, காற்று போகும் திசையில் பிரஷ்ஷால் பின்னோக்கி இழுத்தேன். துடைத்தேன், இழுத்தேன், துடைத்தேன். ஒரு தடவை அது அப்படியே ஒழுகியது. நான் இழுத்தது போலவே இல்லை. எழுந்து நின்று கோடவுனைச் சுற்றி நடந்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குமேல் ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும். கறையின்மேல் வார்னிஷ் அடித்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்தாலே போய்விடும். ஆனால் அது ஐப்பசி மழைக்காலம். ஈரக் காற்றில் வார்னிஷ் அடித்தால் பால்கோவா மாதிரி வெளுத்துவிடும். வெயில் வரட்டும், சார் வீட்டிலேயே பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சென்னையில் கறை படிந்த விமானத்தை யார் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை அண்ணன் கோடவுனுக்கு வந்தார். வழக்கமாக என் மேஜைப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்பவர், அன்று என் தோளில் கையைப் போட்டார்.

"நாளைக்கு அடையாறு போறியாமே?"

"ஆமாண்ணே. இதைக் குடுக்கணும்."

"எதுல வச்சுக் கொண்டு போவ?"

"அதான் ஒரு நல்ல பெட்டியாத் தேடிக்கிட்டிருக்கேன்."

"பாத்திரக் கடையில நின்னுக்கிட்டுப் பெட்டி தேடுதான் பாரு! நீ போயி ஒரு நல்ல சட்டை எடுத்துக்க. பேக்கிங் நான் பாத்துக்கிடுதேன். கண்ணாடி டின்னர் செட்டு மெட்ராஸ்லேருந்து மஸ்கட்டு போயிருக்கு நம்ம பேக்கிங்குல. ஒரு கீறல் கிடையாது."

உண்மைதான். எங்கள் கடை பேக்கிங்குக்குப் பேர் போனது. இன்னொன்றுக்கும் பேர் போனது. அதுதான் அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. என்னை அறியாமலே கால்கள் படியிறங்கின. பாண்டி பஜாரில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தேன். சட்டை எடுத்தேன், பிடிக்காமல் மாற்றினேன், மாற்றியதை மறுபடி மாற்றினேன். கடைக்காரர் கும்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்தபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, தங்க நிறத் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பனில் பூ முடிச்சு போட்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஒரு தடவை திறந்து பாத்துக்கிடுறேண்ணே."

"சுத்தினதைப் பிரிக்காத. நல்ல நேரம் பாத்துச் சுத்தியிருக்கு" என்றார் அண்ணன். அவர் பின்னால் பாஷா பாய் நின்று சிரித்தார். பாஷா பாய் ராயப்பேட்டைக்காரர். எங்கள் கடையில் பாலிஷ் அவர்தான். அந்தச் சிரிப்பை, ஒரு நல்ல காரியத்தை வாழ்த்தும் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது அப்படிப்பட்ட சிரிப்புதான். அதுதான் கொடுமை.

ஞாயிறு தூறல். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் நானே ஸ்பிரிங் மாதிரி எழும்பி உட்கார்ந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், கைக்கொயந்த மாரி புட்ச்சிகினு கீற?"

"உடையற சாமான்."

"அப்ப நீ வெளிய இரு, அத்த சீட்டுல குந்த வெய்யி" என்றார்.

அடையாறு பாலத்தில் ஏறும்போது, 'பெட்டியைத் திறந்து பார்த்துவிடு' என்று மனசு சொன்னது. பாலம் இறங்கும்போதும் சொன்னது. ரிப்பன் முடிச்சில் கைவைத்துவிட்டு எடுத்தேன். இந்தப் பூ முடிச்சை என்னால் மறுபடி போட முடியாது. வேறு எந்தக் காரணமும் இல்லை.

அன்று போர்ட்டிகோவில் மற்ற நண்பர்கள் யாரும் வரவில்லை. மழை. நான் கும்பிடாத தெய்வம்கூட எனக்கு உதவுகிறது என்று நினைத்தேன். சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆதிரை ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். தாளைப் பிரித்தாள். தெர்மகோலைத் தூக்கினாள்.

முதலில் என் கண் கூசியது.

டகோட்டா மின்னிக்கொண்டிருந்தது. சாதாரண மின்னல் இல்லை, எங்கள் கடை வாசல் குடம் மின்னுகிற மின்னல். புகை இல்லை. சேறு இல்லை. இடது எஞ்சினுக்குக் கீழே, நான் ஒழுக வைத்த இடத்தில், கறைக்குப் பதிலாக என் முகம் தெரிந்தது. முகம் அழகாகத் தெரியவில்லை.

"கறை எங்க?" என்றாள் ஆதிரை.

அதற்குள் சார் விமானத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். எதையோ கண்டு கண்ணருகில் கொண்டுபோனார். பிறகு, மெதுவாக, கணீர் என்று, டியூட்டி ரிப்போர்ட் வாசிப்பது போல வாசித்தார்.

"செல்வகுமார். திருமணம், தை மாதம்."

என் பெயர்தான். அது இடது இறக்கை. வலது இறக்கையைத் திருப்பினார்.

"ஆதிரை."

எங்கள் கடை பேர் போன இன்னொரு விஷயம் இதுதான். பேர் வெட்டுவது. பரிசுப் பாத்திரம் எதுவும் பேர் வெட்டாமல் எங்கள் கடைப் படியிறங்கியதில்லை. கல்யாண வீட்டில் பத்து வீட்டுக் குத்துவிளக்கு கலந்து கிடக்கும்போது எது யார் கொடுத்தது என்று பிறகு எப்படித் தெரியும்? டொக் டொக் என்று குத்தும் ஒரு சின்ன மெஷினால், புள்ளி புள்ளியாக, அச்சு அசலான எழுத்தில் வெட்டுவார் பாஷா பாய். பாலிஷும் அவரே, பேரும் அவரே. எவர்சில்வரில் வெட்டிய கை, பிளாஸ்டிக்கில் வெண்ணெயில் வெட்டுவது போல வெட்டியிருந்தது. தயாரிப்பு நின்றுபோன கிட். உலகத்தில் இன்னொன்று கிடைக்குமா என்று தெரியாத கிட்.

"சார், இது நான் இல்ல சார். ஒரு நிமிஷம்." அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"என்னலே, குடுத்தாச்சா?" அண்ணனின் குரல் போர்ட்டிகோவை நிறைத்தது. "பிடிச்சிருக்காமா அவங்களுக்கு?"

"அண்ணே, அதுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"பின்ன? சம்பந்தி வீட்டுக்குப் போற சாமானை அந்த அழுக்கோடயா குடுப்போம்? நம்ம கடை மரியாதை என்னாகிறது? இரு, பாயி பேசணுங்காரு."

"நைனா," என்றார் பாஷா பாய். "மண்ணெண்ண போட்டுத் தொட்ச்சேன் நைனா. எவ்ளோ அய்க்கு! எஞ்சின்கிட்ட எண்ண வேற ஒய்கி கெடந்துச்சு. ஒரு சொட்டு உடல, கிளீன். எவன் நைனா அப்டி வெச்சிருந்தான்?"

"நான்தான் பாய்."

"இர்க்கட்டும் நைனா. பேச்சிலரு தான," என்று மன்னித்தார்.

அண்ணன் ஃபோனைத் திரும்ப வாங்கினார். "சம்பந்தி பக்கத்துல இருக்காகளா? குடு. தை மாசம்னு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் போட்டிருக்கு, தேதியை அவங்களே பாக்கட்டும்னு சொல்லணும்."

ஃபோனை அணைத்தேன். சார்தான் முதலில் பேசினார்.

"தைல எனக்குக் கண்ணு ஆபரேஷன் இருக்கே."

"அப்பா!" என்றாள் ஆதிரை. பிறகு என் பக்கம் திரும்பினாள். பல்லில் எங்கே வலிக்கிறது என்று பேஷன்ட்டைக் கேட்பது போல, ரொம்ப நிதானமாகக் கேட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல."

"கேக்கறதா இருந்தீங்களா?"

"இன்னிக்குத்தான். இதைக் குடுத்துட்டு."

"இனிமே எதுக்கு? இறக்கையிலேயே எழுதியாச்சே."

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை விதமாகக் கேட்க முடியுமோ அத்தனை விதமாகவும் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவை. சார் விமானத்தை மூக்குக்கு அருகில் வைத்து, இடது எஞ்சினின் அடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒருவாட்டி யாரோ பெரிய ஆபீஸர் வர்றாருன்னு இப்பிடித்தான்பா தொடைக்கச் சொன்னானுங்க," என்றார். ராயப்பேட்டை வந்துவிட்டது. கோபமா குஷியா என்று எனக்குப் பிடிபடவில்லை. "கை தோலு உரிஞ்சு பூட்ச்சி. கட்சீல அந்தாளு வரவே இல்ல. நான் மறந்தே பூட்டேன். இத்தப் பாத்தாதான் ஞாபகம் வருது." விமானத்தை மேஜையில் வைத்துவிட்டார். "இது என் டகோட்டா இல்லபா. வேற எவனோடதோ."

அதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மனிதர் இவ்வளவு வருடம் காத்திருந்து பார்க்க விரும்பியது ஒரே ஒரு கறை. அதைத் துடைத்து, என் கல்யாணப் பத்திரிகையை ஒட்டிக் கொடுத்திருக்கிறோம்.

"கறையைத் திரும்ப வச்சிடலாம் சார். பேரையும் அழிச்சிடலாம். பட்டி வச்சு அடைச்சுத் தேய்ச்சு, மேல வெள்ளி அடிச்சா தெரியாது."

"என் பேரை எடுத்துடுங்க," என்றாள் ஆதிரை. "உங்க இறக்கைக்கும் அதுல இருக்கற தை மாசத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. செஞ்சவர் பேர்னு இருந்துட்டுப் போகட்டும். ஆனா விமானம் இந்த வீட்டை விட்டுப் போகாது. இங்கயே வந்து செய்ங்க. உங்க கடைப் பக்கம் போனா அடுத்த தடவை அப்பாவுக்கும் பேர் வெட்டி அனுப்புவாங்க."

அடுத்த ஞாயிறு போனேன். அவள் பேசவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்து, வழவழவென்று ஆக்கி, வெள்ளி அடித்தேன். பேர் போய்விட்டது. பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வீட்டில் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். 'மின்னுவதை வேண்டாம் என்கிற சம்பந்தி' அவருக்குப் புரியவே இல்லை. வாரம் முழுக்க நான் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தைவிட அதைச் சுற்றி நடந்த நேரம் அதிகம்.

அதற்கடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், இறக்கையில் மெல்லிசாக, ஆவி மாதிரி, 'ஆதிரை' என்று எழும்பியிருந்தது. பட்டி உலர உலரச் சுருங்கும். அடைத்த பள்ளம் திரும்பக் குழியும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் காய விடாமல் தேய்த்திருந்தேன்.

"இதுக்குத்தான் பேஷன்ட் அடிப்பான்னு சொன்னது," என்றாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் வாக்கியம். திட்டுதான். ஆனால் பகையில்லாமல், பழைய மாதிரித் திட்டு.

மறுபடி அடைத்தேன். மறுபடி எழும்பியது. 'தி' யின் கொக்கியும் 'ரை' யின் முன்னங்காலும் முதலில் வரும், பிறகு மற்றவை. மூன்றாம் முறை அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நகருங்க. தினமும் சொத்தைப் பல் அடைக்கிறவ நான்." கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ஏதோ பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி, கல்லாக இறுக்கினாள். நான் தேய்த்தேன். அவள் பார்த்தாள். மார்கழி பிறந்து, அடுத்த தெருக் கோவிலில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில் பேசிக்கொண்டோம். என் வயிற்றுத் தேதிகள் பற்றி, அவளுடைய பேஷன்ட்டுகள் பற்றி, எங்கள் வீட்டில் சோறு வடிக்கும் கரண்டியில்கூட அப்பா பேர் இருப்பது பற்றி. கல்யாணம் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. நான் இரண்டு தடவை வாயைத் திறந்து, தேய்க்கும் காகிதத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லி மூடிக்கொண்டேன்.

வெள்ளி அடித்தோம். காய வைத்தோம். சார் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"ஆதிரை," என்று வாசித்தார்.

அவள் பசை இறுகியிருந்தது. பள்ளம் இல்லை. ஆனால் பல்லுக்கு இருக்கும் கடினம் பிளாஸ்டிக்குக்கு இல்லையே. நான் தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கரைந்து, அடைத்த எழுத்துகள் கரையாமல் நின்றிருந்தன. இதுவரை பள்ளமாக இருந்த அவள் பெயர், இப்போது மேடாக இருந்தது. பாஷா பாய் வெட்டியதைவிடத் தெளிவாக.

ஆதிரை விமானத்தை வாங்கினாள். கையால் தடவினாள். தோள் குலுங்கியது. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது; கண்ணில் நீர் வரும்வரை, மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விடுங்க," என்றாள். "இருக்கட்டும். இதுக்கு மேல தேய்ச்சா இறக்கை ஓட்டையாயிடும்."

"இருக்கட்டும்னா...?" என்றேன்.

"இருக்கட்டும்னா இருக்கட்டும். உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. தை கிடையாது. அவர் வெட்டிட்டார்ங்கறதுக்காகவே தை கிடையாது."

சாருக்கு அதிலெல்லாம் ஆர்வம் இல்லை. "அட, அத்த அப்பாலப் பேசுங்க. கறை?" என்றார். நான் பெயின்ட்டைக் கலந்தேன். பிரஷ்ஷை எடுத்தபோது அவர் கையை நீட்டினார். நான் ஆதிரையைப் பார்த்தேன். அவள் 'குடுங்க' என்று தலையசைத்தாள். நடுங்கும் கையில் பிரஷ் எஞ்சினுக்கு அடியில் போய்ப் பட்டது, பின்னால் இழுபட்டது. கோடு நேராக வரவில்லை. விட்டு விட்டு, இரண்டாகப் பிரிந்து, ஓரத்தில் ஒரு சொட்டுத் தெறித்து வந்தது. ஒழுகுகிற எண்ணெய் அப்படித்தான் வரும். அன்று கோடவுனில் நான் எழுந்து நின்று மெச்சிக்கொண்ட என் கறை, இதற்குப் பக்கத்தில் அளந்து போட்ட கோலம்.

"இதான்பா," என்றார் சார். "சனியன்."

வார்னிஷை மட்டும் அன்றைக்கே அடித்தேன். மழை விட்டிருந்தது.

எங்கள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் பாஷா பாய் சரியான மாதத்தை வெட்டினார். ஆனால் டகோட்டாவின் இடது இறக்கையில், என் பெயருக்கு அடியில், தை என்றுதான் இருக்கிறது. அதை அழிக்க ஆதிரை விடவில்லை. தேதி என்றால் உயிரை விடுகிறவனின் கல்யாணத்துக்கு, கல்வெட்டு ஆதாரத்தோடு தப்பு மாதம். விமானத்தின் வயிற்றில் பென்சிலால் ஒரு திருத்தக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அந்த நூறு வருட ஆராய்ச்சியாளர் வயிற்றைத் திருப்பிப் பார்ப்பாரா, இறக்கையோடு நிறுத்திக்கொள்வாரா என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு. எங்கள் இரு வீட்டிலும் முடிவாகாத விஷயத்தை யாராவது முடிவானதாகப் பேசினால், "பேர் வெட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். கையில் வெள்ளிக் கிண்ணத்தோடு.

டகோட்டா இப்போது அடையாறு வீட்டு ஹாலில், கண்ணாடி ஷோகேஸில் நிற்கிறது. அண்ணன் வருகிறார் என்று ஃபோன் வந்தால் என் மாமனார் எழுந்துபோய் ஷோகேஸைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்காருவார். அண்ணன் வருவார், நலம் விசாரிப்பார், காபி குடிப்பார். பிறகு இருப்புக் கொள்ளாது. எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நிற்பார். இடது எஞ்சினுக்குக் கீழே அந்தக் கறையையே பார்ப்பார். கை தானாகக் கைக்குட்டையை எடுக்கும்.

"மாமா, ரெண்டே நிமிஷம் குடுங்க. பளிச்னு ஆக்கித் தந்துருதேன்."

"குந்துபா," என்பார் மாமனார், பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு.